பூட்டு நிற்காத பெயர்

மாவிரல் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் பக்கத்தில் வந்தால் பூட்டு திறந்துகொள்ளும். சின்னப் பூட்டு, பெரிய பூட்டு, மூன்று சாவி போட்ட இரும்புப் பெட்டி என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. தாழ்ப்பாள் தானாக நகரும், கொக்கி கழலும், இடுப்பு வாரின் பக்கிள் வாயைப் பிளக்கும். முடிச்சுக்கு மட்டும் இந்த வம்பு இல்லை. கயிறோ நாடாவோ போட்டு முடிந்துவிட்டால், மற்றவர்களைப்போல அவர்களும் நகத்தால் நெம்பித்தான் அவிழ்க்க வேண்டும். அதனால் அந்தக் குடும்பத்தில் குழந்தைகள் எழுத்துக்கு முன்னால் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டார்கள்.

பெயருக்கு என்ன பொருள் என்பதில் ஒருவர் சொன்னது இன்னொருவருக்குச் சம்மதமில்லை. மா என்றால் பெரிய. ஆகவே பெரிய விரல், கட்டைவிரலைத்தான் சொல்கிறது என்றார்கள் சிலர். மாவில் தோய்ந்த விரல், பிசைந்து பிழைத்த பரம்பரை என்றார்கள் வேறு சிலர். பெரிய ற போட்டு ‘மாவிறல்’ என்று எழுதிய கிளையினர், இது விரல் சமாச்சாரமே இல்லை, பெருவெற்றி என்று அர்த்தம் என்று அடித்துச் சொன்னார்கள். சின்ன ர-காரர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் போவதில்லை. மா என்றால் குதிரை என்றும் அகராதியில் இருப்பதைக் கண்டுபிடித்த ஒரு கணக்காசிரியர், குதிரைக்கு ஏது விரல் என்று மனைவி கேட்டதும் ஆராய்ச்சியை விட்டுவிட்டார். காவல் நிலையங்களில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. அங்கே மாவிரல் என்றால் கை நீளம்.

அந்தப் பெயரில் பேர் வாங்கியவர்கள் சிலர் உண்டு. ஒரு படைத்தலைவன் குதிரைக்குத் தண்ணீர் கேட்கலாம் என்று ஒரு கோட்டையை நெருங்கியபோது அதன் கதவுகள் விரியத் திறந்தன. உள்ளே இருந்தவர்கள் சரணடைந்துவிட்டதால் அவன் வெற்றியை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பெரிய ற-காரர்கள் அவன் வழியில் வந்தவர்கள். ஒரு மருத்துவச்சி இருந்தாள். அவள் கை வைத்த எந்தப் பிரசவமும் ஒரு சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியதில்லை, ஆனால் ஏழாம் மாதக்காரிகள் அவள் வரும் தெருப் பக்கமே போக மாட்டார்கள். இன்னொருவனைத் திருடன் என்று சிறையில் அடைத்தார்கள். அறைக் கதவு ஒருநாளும் பூட்டி நிற்கவில்லை. காவலாளி, என் வேலை போய்விடும், தயவுசெய்து இருந்துவிடு என்று கெஞ்சியதால் அவன் தண்டனைக் காலம் முழுவதும் உள்ளேயே இருந்தான். அவன் எதையும் திருடவில்லை என்பது அவன் வெளியே வந்த பிறகு தெரிந்தது.

அந்த ஊரில் மிச்சமிருந்த ஒரே மாவிரல், கடைத்தெருக் கோடியில் ரொட்டி சுட்டு விற்ற பெண். ஊரார் அவளை ரொட்டியக்கா என்பார்கள். அவளுடையது சின்ன ர. தையல்காரரைக் கல்யாணம் செய்துகொண்ட புதிதில் அவருடைய குடும்பப் பெயரைச் சேர்த்து எழுதிப் பார்த்தாள். அலமாரிப் பூட்டு அதைக் கேட்பதாக இல்லை, திறந்துகொண்டேதான் இருந்தது. பிறகு ஊருக்கும் அவளுக்கும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. அவள் கடையிலிருந்து மாவு ஆலைக்கும் ஆலையிலிருந்து வீட்டுக்கும் ஒரே வழியாகத்தான் போவாள், வருவாள். அந்த வழியில் இருந்த வீடுகள் கதவைக் கயிற்றால் கட்டிக்கொள்ளும். மற்ற தெருக்கள் பூட்டிக்கொள்ளும். யாராவது அவளை வீட்டு விசேஷத்துக்கு அழைத்தால் அதற்கு முன்பே அண்டை அயலுக்குச் சொல்லி வைப்பார்கள். ஒருவருக்கொருவர் மரியாதையாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் மீதிச் சில்லறையை அவள் நீட்டும்போது வாங்குகிறவர்களின் மறு கை சட்டைப் பையின் மேல் இருப்பதை அவள் பார்க்காமல் இல்லை.

மழை தாமதித்த ஒரு வருடம், அவள் கால் படாத தெருக்களிலும் பூட்டுகள் திறக்கத் தொடங்கின. பறவைக் கடைக் கூண்டுகள் ஒரே காலையில் திறந்துகொண்டு, கிளிகள் தந்திக் கம்பியில் உட்கார்ந்து கடைக்காரரைப் பார்த்தன. மருந்துக் கடையின் விஷ அலமாரி திறந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் அறை திறந்து கிடந்தது; அந்த வருடம் எல்லாப் பிள்ளைகளும் பாஸ் ஆனார்கள், அதற்கும் அவளைத்தான் திட்டினார்கள். எதுவும் களவு போகவில்லை. அதுதான் ஊரை அதிகமாகப் பயமுறுத்தியது. எடுக்காமல் போகிறவள் எதையோ பார்த்து வைத்துக்கொண்டு போகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். விடிவதற்குள் முக்காடு போட்டுக்கொண்டு தெருத் தெருவாக நடக்கிறாளாம். அந்த நேரத்தில் அவள் அடுப்பு முன்னால் வேர்த்து நின்று மாவு உருட்டுவது எல்லோருக்கும் தெரியும். அந்த ரொட்டியைத்தான் சாப்பிட்டுக்கொண்டு இதைப் பேசினார்கள்.

தையல்காரர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கும் காது உண்டு. ஒருநாள் துணி வெட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், “நெசமாவே நீ இல்லையே?” என்று கேட்டார். இல்லை என்றாள். சரி என்றார். மறுநாள் கட்டிலுக்கு அடியில் இருக்கும் அவருடைய தகரப் பெட்டி சணல் கயிற்றால் கட்டப்பட்டு, முடிச்சு மேல் முடிச்சாக இறுகிக் கிடந்தது. பதினெட்டு வருடங்களாக அந்தப் பெட்டி அவள் போகும்போதும் வரும்போதும் மூடி திறந்து கிடந்ததுதான். உள்ளே என்ன என்று அவள் ஒருதரம்கூடக் குனிந்து பார்த்ததில்லை. அந்த வீட்டில் அவளுக்கு எதிராகப் போடப்பட்ட முதல் முடிச்சு அது. அன்றைக்கு ரொட்டி உப்பாக இருந்ததாக ஊரில் சொன்னார்கள்.

சந்தேகம் ஒட்டிக்கொள்ளும் வியாதி. அவளும் சந்தேகப்பட ஆரம்பித்தாள். முதலில் கணவரை. இத்தனை வருடம் கூட வாழ்ந்ததில் அவருக்கும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று, அவர் தனியாக இருக்கும்போது எட்ட நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தையல் மெஷின் மூடியின் கொக்கி அசையாமல் இருந்தது. அப்புறம் மருந்துக் கடைக்குப் புதிதாக வந்த ஆளை, அவனையும் எட்ட நின்றே. அவன் தன் சைக்கிளை இரண்டு பூட்டுப் போட்டுப் பூட்டினான், இரண்டும் நின்றன. தன் அப்பாவுக்கு வேறு ஊரில் வேறு குடும்பம் இருந்திருக்குமோ என்றுகூட யோசித்தாள். செத்துப்போனவரைச் சந்தேகப்பட்டதற்காக அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குளத்தின் கம்பிக் கதவு திறந்தது. குடிதண்ணீர்க் குளம், ஊருக்கு மறு கோடியில் இருப்பது, கதவில் ஆள் தலையளவு பூட்டு. பள்ளிக்கூட டீச்சரின் நான்கு வயது மகள் பந்தைத் துரத்திக்கொண்டு உள்ளே போய், மூன்றாம் படியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். அந்தப் பக்கம் வந்த சலவைக்காரர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு செருப்பு போயிற்று. அன்று பகல் முழுவதும் ரொட்டியக்கா பக்கத்து ஊரில் அடுப்புக்குச் செங்கல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் அவளுடைய சக்தி அவ்வளவு தூரம் எட்ட ஆரம்பித்துவிட்டது என்றார்கள்.

டீச்சர் கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. கண் வீங்கியிருந்தது. “நீங்க வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா நீங்க இந்த ஊர்ல இருக்கிற வரைக்கும் என்னால கண்ண மூட முடியாது” என்றாள். ரொட்டியக்கா குழந்தைக்கென்று இரண்டு பன் பொட்டலம் கட்டினாள். டீச்சர் அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி மண்டபத்தில் ஊர்க்கூட்டம் என்று முடிவாயிற்று. அவள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பதும் முன்கூட்டியே முடிவாகிவிட்டது. கூட்டம் அதை அவளிடம் சொல்வதற்குத்தான். அதற்கு முன் விசாரணை என்ற ஒன்று நடந்ததாக இருக்க வேண்டும் என்பதற்காக, சனிக்கிழமை மத்தியானம் இன்ஸ்பெக்டர் அவளை நிலையத்துக்கு அழைத்தார். அவர் மாற்றலாகி வந்து அதிக நாளாகவில்லை. யாரையும் நம்பாதவர், டீக்கடைக்காரர் ஊற்றும் டீயையே இரண்டு தரம் முகர்ந்து பார்க்கிறவர் என்று பெயர் வாங்கியிருந்தார். ரொட்டியக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். லாக்கப் கம்பிக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. தான் வருவது தெரிந்து கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் கயிறு கைபட்டுக் கைபட்டுக் கறுத்துப் போயிருந்தது, இன்று நேற்றுக் கட்டியதில்லை. இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பறவைக் கடைப் பக்கம் எப்போது போனாய், குளத்துப் பக்கம் எப்போது போனாய். அவள் பதில் சொல்லிக்கொண்டே அவருடைய மேசையைப் பார்த்தாள். சாப்பாட்டு டப்பா நாடாவால் கட்டியிருந்தது. கைக்கடிகாரத்துக்கு வார் இருந்தது, பக்கிள் இல்லை. கறுப்பு நூலால் முடிந்திருந்தது. அது பாதி இழுத்துச் செருகி, வாலை உள்ளே மடிக்கும் முடிச்சு. அவள் அம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முடிச்சு. வேறு யாரும் அதைப் போட்டு அவள் பார்த்ததில்லை.

“வாட்ச் வாரு அறுந்துபோச்சா சார்?” என்று கேட்டாள்.

“இல்ல. பக்கிள் நிக்க மாட்டேங்குது.”

“எனக்கும் நிக்காது.”

இன்ஸ்பெக்டர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்து பழைய இடத்துக்கே வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சின்ன ர-வா, பெரிய ற-வா?” என்றாள் அவள்.

அவர் தாழ்ப்பாளை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, “பெரிய ற. எங்கம்மா அப்படித்தான் எழுதுவாங்க” என்றார்.

வேலைக்குச் சேர்ந்த நாளில் பெயரைப் படித்த அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததையும், மறு வாரமே பெயரை மாற்றிக்கொண்டதையும், பெயர் தன்னை மாற்றிக்கொள்ளாததையும் அவர் தணிந்த குரலில் சொன்னார். போன ஊரிலெல்லாம் பூட்டுகள் திறந்தன. போன ஊரிலெல்லாம் யாராவது ஒருவரைப் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு தோட்டக்காரருக்கு வேலையே போய்விட்டது. இந்த ஊரில் உண்மையாகவே ஒரு மாவிரல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது தலையிலிருந்து சுமையை இறக்கிய மாதிரி இருந்தது என்றார். குளத்துப் பக்கம் அன்று காலையில் ரோந்து போனது தான்தான் என்பதையும் சொன்னார்.

ரொட்டியக்காவுக்குக் கோபம் வந்தது. அதோடு, இத்தனை வருடத்துக்குப் பிறகு தன்னைப்போல ஒரு ஆளைப் பார்க்கிற சந்தோஷமும் வந்தது. “நான் உங்களக் காட்டிக் குடுக்க மாட்டேன். நான் சொன்னா யாரும் நம்பவும் மாட்டாங்க” என்றாள். “ஆனா நான் போன பிறகும் குளத்துக் கதவு திறக்கும். நீங்க எந்த வழியா நடக்கிறீங்கன்னு தெரிஞ்சாத்தான் ஜனங்க கயிறு கட்டுவாங்க. அந்தப் புள்ளைய நெனச்சுக்குங்க.” அவர் தலையை ஆட்டினாரா, வெறுமனே குனிந்துகொண்டாரா என்பது அவளுக்குப் புரியவில்லை. ஆட்டியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். வீட்டுக்குப் போய்ச் சட்டி பானைகளைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

கூட்டத்தில் உட்கார இடமில்லை. தையல்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஆனால் நடுவில் ஒரு கை அகலம் விட்டு. இன்ஸ்பெக்டர் மேடை ஏறி உத்தரவைப் படிக்கத் தொடங்கி, அவளுடைய பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார். பக்கம் திருப்புகிறார் என்று நினைத்தார்கள். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “அது என் பேரும்தான்” என்றார். பறவைக் கடை, மருந்துக் கடை, பரீட்சை அறை, குளம் எல்லாம் நான் நடந்த வழி என்று, வழக்கில் சாட்சி சொல்கிற குரலில் வரிசையாகச் சொன்னார்.

அவர் பெயரை உரக்கச் சொன்ன மாத்திரத்தில், மண்டபத்தில் அதுவரை தாக்குப்பிடித்திருந்த கொக்கி, பக்கிள், தாழ்ப்பாள் அத்தனையும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்தன. ஜன்னல்கள் திறந்தன, கைப்பைகள் வாய் பிளந்தன, தலைக் கிளிப்புகள் தரையில் மழைபோலச் சிதறின. ஊர்த் தலைவரும் துணைத்தலைவரும் முன்வரிசைப் பெரிய மனிதர்களும் இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஊரைவிட்டு அனுப்புவது கஷ்டம். அடிக்கப் பாய்ந்தவர்கள்கூடப் பாதி வழியில் நின்றார்கள். டீச்சர்தான் முதலில் பேசினாள். குளத்துக் கதவுக்கு எவ்வளவு கனத்தில் கயிறு வேண்டும் என்று கேட்டாள்.

அதன் பிறகு ஆறேழு வருடங்கள் ஓடிவிட்டன. இன்ஸ்பெக்டர் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார். இந்தக் காரணத்துக்கு விதிமுறை இல்லை என்று மேலிடம் திருப்பி அனுப்பியது. அந்தத் தோட்டக்காரரைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னார். தோட்டக்காரர் கேட்டுக்கொண்டார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், மன்னித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் இப்போது ரொட்டியக்காவை அக்கா என்று கூப்பிடுகிறார். சின்ன ர-வைப் பற்றி மட்டும் இன்னமும் ஒப்புக்கொள்வதில்லை. இருவருக்கும் என்ன உறவு என்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கூட்டம் முடிந்த அன்றே தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்துப் பெட்டிக் கயிற்றை வெட்டிப் போட்டார். அவள் அப்போதும் குனிந்து பார்க்கவில்லை. ஆனால் அவரோடு சரியாகப் பேச ஒரு மழைக்காலம் போக வேண்டியிருந்தது. ஊரில் பாதிப் பேர் பக்கிளை விட்டு நாடாவுக்கு மாறியதில் அவருக்குத் தலை நிமிர நேரமில்லை. சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. முடிச்சு அவிழ்ந்திருந்தால் அது மனிதக் கைதான் என்று உறுதியாகிவிட்டதால், இப்போது சந்தேகப்பட ஊரில் எல்லோரும் கிடைக்கிறார்கள். மற்றபடி சௌகரியமாகத்தான் இருக்கிறது. பேருந்து நிலையத்தில் வெளியூர்க்காரர் யாருடைய பெட்டியாவது திறந்துகொண்டு துணிமணி கொட்டினால், கடைக்காரர்கள் யார் போனார்கள் என்றுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. இருந்த இடத்திலிருந்தே ஒரு முழம் கயிற்றை நீட்டுகிறார்கள்.