கலாதேவி அவித்த பாஸ்கா அப்பம்

பெட்ரீசியா எதற்கும் குறை சொல்லாமல் எட்டு மாதம் ஆகிவிட்டது. கலாதேவிக்கு அதுதான் பெரிய கவலை.

செமோரில் ரப்பர்க் காட்டை அழித்துக் கட்டிய வீடமைப்புத் தாமான் அது. இருவரும் பத்தொன்பது வருடமாக அடுத்தடுத்த வீடு. நடுவில் இடுப்பளவுச் சுவர். அந்தச் சுவருக்கு மேலே போகாத கிண்ணமும் இல்லை, வராத கிண்ணமும் இல்லை. கலாதேவி பள்ளிக்கூடக் காண்டீனில் வருடக் கணக்காகச் சமைத்தவள். முந்நூறு பிள்ளைகள் வழித்துச் சாப்பிட்ட சாம்பாரைக் கொடுத்தாலும் பெட்ரீசியா ஒரு வாய் வைத்துவிட்டு, "புளி கொஞ்சம் தூக்கலா இருக்குக்கா," என்பாள். பாயசம் கொடுத்தால் ஏலக்காய் பழசு என்பாள். கலாதேவி வீட்டுக்குள் வந்து புருஷன் தர்மாவிடம், "இவ நாக்குல என்னதான் வச்சிருக்கா," என்று பொருமுவாள். ஆனால் அடுத்த தடவை புளியைக் குறைத்துத்தான் போடுவாள்.

போன ஆகஸ்ட் மாதம் பெட்ரீசியாவின் கணவர் சூசைநாதன் இறந்துபோனார். சாயங்காலம் வேலை விட்டு வந்தவர் மேசையில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டிருக்கிறார். அவள் கலக்கி எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நோய் இல்லை, நொடி இல்லை. அறுபத்தொரு வயது. அன்றிலிருந்து பெட்ரீசியா அந்த மேசையில் உட்காருவதே இல்லை. அடுப்படியில் நின்றபடி எதையாவது வாயில் போட்டுக்கொள்வாள். எதைக் கொடுத்தாலும் ஒரே பதில்தான். "நல்லாருக்குக்கா." உப்பே போடாமல் ஒரு நாள் ரசம் கொடுத்துப் பார்த்தாள் கலாதேவி. அதற்கும் நல்லாருக்கு.

குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து திரும்பிய பெட்ரீசியா சுவரோரம் வந்து நின்றாள்.

"இந்த வருஷம் பாஸ்கா அப்பம் இல்லக்கா. எதிர்பாத்துக்கிட்டு இருக்காதீங்க."

பெரிய வியாழனன்று அந்த வீட்டில் ஓர் அப்பம் அவிப்பார்கள். சூசைநாதனின் ஆட்கள் கன்னியாகுமரிப் பக்கமிருந்து சித்தியவான் தோட்டத்துக்கு வந்தவர்கள். அவர்களோடு கப்பலேறி வந்த வழக்கம் அது. கோயிலுக்குப் போய் வந்த பிறகு, வெந்த அப்பத்தின் மேல் குருத்தோலைச் சிலுவையை வைத்து, வீட்டுக்குப் பெரியவர் ஜெபம் சொல்லி வெட்டி, மூத்தவர் தொடங்கி இளையவர் வரை கொடுப்பார். தொட்டுக்கொள்ள குலா மெலாகா வெல்லம் கரைத்த தேங்காய்ப்பால். ஒரு துண்டு தவறாமல் சுவரைத் தாண்டி கலாதேவிக்கும் வரும். கொண்டு வருபவர் சூசைநாதன். மனிதர் கதை சொல்லாமல் தட்டைக் கையில் கொடுக்க மாட்டார்.

"இது யூதங்களோட திருநாளு, கலா. எங்க ஆண்டவரும் யூதர்தானே, கடைசியா சாப்பிட்டது இந்த விருந்துதான். எகிப்துல ராசாகிட்ட அடிமையா கெடந்த சனம் அது. செங்கல் அறுத்தே முதுகு ஒடிஞ்சு போச்சு. மோசே போயி எங்க ஆளுங்கள விடுன்னு கேக்குறாரு. ராசா முடியாதுங்கிறான்."

பிறகு ஆண்டவர் அனுப்பிய வாதைகள் ஒவ்வொன்றாக வரும். சூசைநாதனுக்குத் தவளை வாதை என்றால் உயிர். அடுப்பில் தவளை, படுக்கையில் தவளை, மாவு பிசைகிற சட்டியில் தவளை என்று அவர் அடுக்க அடுக்க, கலாதேவி காலைத் தூக்கி, சுவரோரம் போட்ட நாற்காலியில் வைத்துக்கொள்வாள். கடைசி வாதைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்துவார். மூத்த பிள்ளைகள் சாகிற ராத்திரி. வாசல் நிலையில் ஆட்டுக்குட்டி ரத்தம் பூசிய வீடுகளை மட்டும் சாவு தொடாமல் கடந்து போனது. "கடந்து போயிருச்சு, கலா. அதான் பாஸ்கா." சரியாக அந்த இடத்தில் பெட்ரீசியா அவர்கள் வீட்டுக்குள்ளிருந்து, "பால் ஆறுது, வாரீங்களா இல்லியா," என்பாள். கதை அங்கேயே நின்றுவிடும். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவர் கதையில் அந்த வாசலைத் தாண்டியதில்லை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டியிருக்கும்.

"ஏன் இல்ல?" என்று கேட்டாள் கலாதேவி.

"எழவு விழுந்த வீட்டுல ஒரு வருஷத்துக்கு அவிக்கக் கூடாதுக்கா. வேற வீட்டுல அவிச்சுக் கொண்டாந்து குடுக்கணும். அதான் முறை."

"யாரு கொண்டாருவா?"

"தோட்டத்துல அவரு ஆளுங்க நாலு வீடு இருந்தாங்க. தோட்டத்த வித்ததும் ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. ஒருத்தங்க ஜோகூரு, ஒருத்தங்க ஆஸ்திரேலியா. இப்ப யாரு இதெல்லாம் அவிக்கிறா. விடுங்கக்கா, ஒரு வருஷம் இல்லாட்டி என்னா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கலாதேவி கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். அவளுக்கு அந்த முறையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் மாமியார் நல்லம்மாள் இறந்த வருடம் இந்த வீட்டிலும் தீபாவளி இல்லை, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. அந்தத் தீபாவளிக் காலையில் ஒரு டின் நிறைய முறுக்கோடு வாசலில் வந்து நின்றவள் பெட்ரீசியாதான். நான்கு நாள் உட்கார்ந்து சுட்டிருந்தாள்.

கலாதேவி கேரனுக்குப் போன் போட்டாள். கேரன் பெட்ரீசியாவின் ஒரே மகள். தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

"பச்சரிசி மாவு, உளுந்து அரைச்சது, தேங்கா, பூண்டு, சீரகம். அப்புறம் ஆவியில வேக வைக்கணும். அவ்வளவுதான் தெரியும் அத்தை. நான் சாப்பிட மட்டுந்தான்லா செஞ்சிருக்கேன்."

"சொந்தக்காரங்கதான் கொண்டாரணுமா?"

"பக்கத்து வீட்டுக்காரங்களும் கொண்டாரலாம்னு அப்பா சொல்லிருக்காரு. அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க, வேணாம்னுருவாங்க."

அரிசி, உளுந்து, ஆவி. இதைப் போய் கலாதேவிக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டுமா? இதில் அவளுக்கு ஓர் இரகசியமும் இருந்தது. வருடா வருடம் வந்த அந்த அப்பம் ருசியாகத்தான் இருக்கும், ஆனால் கட்டியாக, அடை மாதிரி தட்டையாக இருக்கும். பாவம், இவளுக்கு மாவுப் பக்குவம் மட்டும் கைவரவில்லை என்று அவள் மனதுக்குள் நினைத்துக்கொள்வாள். எதற்கும் குறை சொல்கிற தோழியிடம் அந்த ஒரு குறையை மட்டும் அவள் சொன்னதில்லை. சிநேகிதம் என்றால் அவ்வளவாவது விட்டுக்கொடுக்க வேண்டாமா?

புதன்கிழமை சாயங்காலம் மாவரைத்தாள். கையாலேயே கரைத்து, வீட்டு இட்லி மாவில் ஒரு கரண்டி எடுத்து ஊற்றிக் கலந்து வைத்தாள். நடுவில் ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்தாள். விடிந்ததும் மூடியைத் தூக்கினால் மாவு குப்பென்று பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. தர்மாவை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினாள். தர்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இட்லியா," என்றார். "உங்களுக்கு எல்லாமே இட்லிதான்," என்று அனுப்பிவிட்டாள். சாயங்காலம் தேங்காய், பூண்டு, சீரகம் தட்டிப்போட்டு அவித்தாள். அப்பம் நாலு விரல் உயரத்துக்கு எழும்பி, விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டுக்காரர்கள் இப்படியோர் அப்பத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அது உண்மைதான்.

ஐந்து மணித் தமிழ்ப் பூசை முடிந்து, லீவில் வந்திருந்த கேரனின் கார் அம்மாவோடு ஏழு மணிக்கு முன்பே வந்துவிட்டது. கலாதேவி குளித்து, நல்ல சேலை கட்டி, தட்டை வெள்ளைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டாள். பால் செம்பு இன்னொரு கையில். முறையாகக் கொண்டுபோகிற பொருளைச் சுவருக்கு மேலே நீட்டக் கூடாது என்று தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனாள்.

கதவைத் திறந்த பெட்ரீசியா தட்டைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள்.

"எழவு வீட்டுக்குக் கொண்டாந்து குடுக்கணும்னியே. கொண்டாந்திருக்கேன். உள்ள விடு," என்றாள் கலாதேவி.

பெட்ரீசியா ஒதுங்கி வழிவிட்டாள். கேரன் தட்டை வாங்கி அந்த மேசையின் நடுவில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை பின்னிய குருத்தோலைச் சிலுவையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பெட்ரீசியா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரவில்லை. கலாதேவி எதிரில் உட்கார்ந்து அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இந்த அப்பத்தை அவித்ததே அதற்காகத்தான்.

பைபிளில் அப்பா வாசிக்கிற பகுதியைக் கேரன் வாசித்தாள். ஆட்டுக்குட்டி வந்தது. ஒரு முழு ஆட்டுக்குட்டியைச் சாப்பிட வீட்டில் ஆள் போதாவிட்டால், பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று வந்தது. கலாதேவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆக, ஆதியிலேயே பக்கத்து வீட்டுக்காரிக்கு இடம் வைத்திருக்கிறார்கள். அடுத்து வாசல் நிலை, ரத்தம். சூசைநாதன் கதையை நிறுத்துகிற இடம். கேரன் நிறுத்தவில்லை. இறைச்சியைப் புளிக்காத அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் உண்ண வேண்டும் என்று வந்தது. ஏழு நாளைக்குப் புளிக்காத அப்பம்தான். முதல் நாளே வீட்டிலிருந்து புளித்த மாவை அகற்றிவிட வேண்டும். புளித்ததைத் தின்கிறவன் அந்தச் சனத்திலேயே சேர்த்தியில்லை.

கலாதேவி தட்டைத் திரும்பிப் பார்த்தாள். தட்டில் இருந்த அப்பம் வெள்ளைத் துணியைத் தூக்கிக்கொண்டு குண்டாக உட்கார்ந்திருந்தது.

"கேரன், நிறுத்தும்மா."

"என்ன அத்தை?"

"இது புளிச்ச மாவு." கலாதேவி தட்டைக் காட்டினாள். "இட்லி மாதிரின்னு நெனச்சு நல்லா புளிக்க வச்சிட்டேன். பழைய மாவு வேற ஒரு கரண்டி ஊத்தினேன். எனக்குத் தெரியாதும்மா. அண்ணே இத சொன்னதே இல்ல. தவளையத்தான் சொல்லுவாரு."

கேரன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கலாதேவி எழுந்து தட்டை எடுத்தாள். முகம் பார்க்க முடியவில்லை. "ரெண்டு மணி நேரம் குடு பெட்ரீசியா. பச்ச மாவுல புதுசா அவிச்சுக் கொண்டாரேன்."

பெட்ரீசியா தட்டின் விளிம்பைப் பிடித்தாள்.

"வைங்கக்கா. எப்ப அரைச்சீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"ராத்திரி பூரா வச்சிருந்தீங்களா?"

"நடுவுல எந்திரிச்சும் பாத்தேன். வழிஞ்சிரப் போவுதுன்னு."

பெட்ரீசியா துணியை விலக்கி அப்பத்தைப் பார்த்தாள்.

"அந்தச் சனம் ஏன் புளிக்காத அப்பம் சாப்பிட்டாங்க தெரியுமாக்கா? நேரமில்ல. ராவோட ராவா கெளம்புன்னுட்டாங்க. பெசஞ்ச மாவ அப்படியே துணியில கட்டித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனாங்க. மாவு பொங்குற வரைக்கும் யாரும் விடல." துணியை மடித்தபடியே, "எனக்கும் யாரும் நேரம் விடல. ஒரு தேத்தண்ணி கலக்குற நேரங்கூட அவரு குடுக்கல," என்றாள்.

எட்டு மாதத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மகளிடம்கூட. கேரன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"எனக்கு அவசரம் போதும்கா. இது நீங்க எனக்காக ஒரு ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்த மாவு. இதத் திருப்பிக் கொண்டு போகாதீங்க. புளிக்காத அப்பத்தத்தான் கோயில்ல பூசையில சாமியார் கையால வாங்கியாச்சே. மிச்சத்த ஆண்டவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

குருத்தோலைச் சிலுவையை அப்பத்தின் மேல் வைத்துக் கண்ணை மூடினாள். கணவர் சொல்கிற ஜெபத்தை அவர் குரல் ஏறி இறங்குகிற மாதிரியே சொன்னாள். ஓர் இடத்தில் திக்கி, மறுபடி தொடர்ந்தாள். கத்தி அப்பத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. முதல் துண்டை எடுத்து கலாதேவியிடம் நீட்டினாள்.

"எனக்கு ஏன் மொதல்ல? நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க," என்றாள் கலாதேவி.

"உங்க வயசு என்னா?"

"அம்பத்தெட்டு."

"எனக்கு அம்பத்தஞ்சு. மூத்தவங்களுக்குத்தான் மொதல்ல. வாங்குங்க."

கலாதேவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பெட்ரீசியா தனக்கு ஒரு துண்டு எடுத்து, மகளுக்கு ஒன்று கொடுத்தாள். துண்டைப் பாலில் தொட்டு வாயில் வைத்து மெதுவாக மென்றாள். கலாதேவி தன் துண்டைத் தின்ன மறந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்ரீசியா விழுங்கினாள். நாக்கை ஒரு தடவை மேலண்ணத்தில் சுழற்றினாள். நெற்றி சுருங்கியது.

"உப்பு கொஞ்சம் கம்மிக்கா."

கலாதேவிக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. சேலைத் தலைப்பால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"பூண்டும் பத்தல. அழுவாதீங்க. அடுத்த வருஷம் இங்க அவிக்கிறப்ப வாங்க, காட்டித் தாரேன்."

"வாரேன்," என்றாள் கலாதேவி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டாள். "வேற என்ன கொறை? ஒண்ணு விடாம சொல்லு."

பெட்ரீசியா இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.