மெழுகுக் கட்டைக்கு அரை டிக்கெட்

பாகூர் ஏரியில் நான் பிடித்த விரால் என்னோடு வீடு வரைக்கும் நடந்தே வந்தது என்று சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. விராலுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். இப்போது சொல்லப்போவதையும் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

என் பேத்தி பவுனுக்கு ஆறு வயசு. வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்கு மேலே, ஒரு நரம்புக் கட்டி. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள். டாக்டர் என் மகள் சுகன்யாவிடம் விளக்கமாகச் சொன்னார். இந்தக் கட்டியில் முரடும் உண்டு, சாதுவும் உண்டு. பவுனுடைய வயசு பாதகமாக இருக்கிறது. அந்தத் துண்டில் இரண்டு புரதங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். ஒன்று இருந்தால் முரடு, கடுமையான மருந்து. இன்னொன்று நிறைய இருந்தால் சாது, பிள்ளை தேறிவிட நல்ல வாய்ப்பு, மருந்தையும் குறைக்கலாம். அந்தப் பரிசோதனை சென்னையில் ஒரு லேபில்தான்.

மருமகன் தமிழ்க்குமரன் மஸ்கட்டில். சுகன்யா பிள்ளையின் கட்டிலை விட்டு நகர முடியாது. மிச்சம் இருந்தது நான்.

ஆஸ்பத்திரியில் என் கையில் ஒரு மெழுகுக் கட்டையைக் கொடுத்தார்கள். தீப்பெட்டியில் பாதி இருக்கும். அதற்குள் அந்தத் துண்டு, ஒரு பருப்பு அளவு. "மெழுகு, பெரியவரே. வெயில் படாம பாத்துக்கோங்க" என்றார்கள். சித்திரை மாதம். எங்கள் பக்கத்தில் ஒரு பொருளை வெயிலிலிருந்து காக்க எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்றுதான். நேராக நல்லவாடு போய், மீன் ஏலம் எடுக்கும் பாக்யராஜிடம் ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கி, ஐஸ் கொட்டி, கட்டையையும் டாக்டர் கடிதத்தையும் உள்ளே வைத்து ஒட்டினேன்.

சென்னை பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

"பெட்டியில இன்னா பெருசு, மீனா?"

"பேத்தி."

"இன்னாது?"

"பேத்தியோட சதை. ஆறு வயசு. அரை டிக்கெட் போடு."

அவர் டிக்கெட் மெஷினைத் தட்டினார். கிறுக்கனோடு வழக்கு எதற்கென்று போட்டுக் கொடுத்தார். பெட்டியை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். திண்டிவனத்தில் ஒரு அம்மாள் ஏறி இடம் கேட்டாள். ஆள் இருக்குது என்றேன். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தள்ளி நின்றுகொண்டாள். சென்னை வரைக்கும் பவுனும் நானும் பேசிக்கொண்டு போனோம். நான்தான் பேசினேன்.

லேபில் சரண்யா என்ற பெண் பெட்டியைத் திறந்தாள்.

"ஐயா, என்ன இது, நெத்திலி வாசனை?"

"கெட்டுப்போச்சாம்மா?"

"ஐஸ் ஒண்ணும் பண்ணாது. மெழுக மெல்லிசா சீவறதுக்கு முன்னாடி நாங்களே ஐஸ்ல வைப்போம். ஆனா இது என்ன, லெட்டரா கூழா?"

கடிதம் கரைந்து போயிருந்தது. கட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதின எண் மட்டும் அழியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு எண்ணைச் சரிபார்த்தாள். சுகன்யாவின் நம்பர் கூழோடு போய்விட்டதால், என் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அப்புறம் பதினோரு நாள். வீட்டில் நான் ஒருத்தன். ஒரு ஆளுக்குத்தான் உலை வைத்தேன், பானை ஒத்துக்கொள்ளாமல் மூன்று பேருக்கு வடித்தது. கரும்புக் கொல்லையில் நரி என்னிடம் வழி கேட்டதென்று ஒரு நல்ல புளுகு தோன்றியது. "போய்யா தாத்தா" என்று சொல்ல ஆளில்லை. எருமையிடம் சொன்னேன், நம்பிவிட்டது. நம்புகிறவர்களிடம் புளுகி என்ன சுகம்?

பன்னிரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு, மோட்டார் கொட்டகையில் இருக்கும்போது சரண்யா கூப்பிட்டாள்.

"ஐயா, நல்ல புரதம் நிறைய இருக்கு. கெட்டது இல்ல. ரிப்போர்ட் டாக்டருக்கு அனுப்பியாச்சு. அவர் இன்னைக்கு லீவாம், நாளைக்கு விவரமாச் சொல்வார்."

உடனே சுகன்யாவுக்குப் போட்டேன்.

"சாதுக் கட்டிதான் சுகன்யா. லேப்புல சொல்லிட்டாங்க."

"உன்கிட்ட எதுக்குச் சொல்றாங்க?"

"ஐஸ்ல கடுதாசி ஊறிப்போச்சி, அதனால..."

"அப்பா, இன்னிக்கு வேணாம்பா."

"சத்தியமா, சுகன்யா."

"அம்மா சாவக் கெடந்தப்பவும் சத்தியம்தான் பண்ணே. திங்கக்கிழம எழுந்து உக்காந்துடுவான்னு. நானும் நம்பி, அது கட்டிக்கப் புடவை துவைச்சி வச்சேன். வைப்பா போனை."

வைத்தேன். மோட்டார் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. பவுனு பிழைப்பாள் என்பது அந்தக் கொல்லையில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய நிசம், வாங்கிக்கொள்ள ஒரு ஆளில்லை. எருமையிடமும் போகவில்லை. அது நம்பிவிடும்.

மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். சுகன்யா என் பக்கம் பார்க்காமல் டாக்டர் அறைக்குள் போனாள். வெளியே வந்தவள் நேராக வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பொத்தான் தெறித்தது.

"முழுசா உறுதின்னு இல்லையாம்பா. ஆனா குறைச்ச மருந்தே போதுமாம். இன்னும் ரெண்டு மாசம் இங்கதான் இருக்கணும்."

"நான் சொன்னப்போ..."

"நீ பேசாத."

பவுனு கட்டிலில் கொட்டாவி விட்டாள். முதல் தவணை மருந்திலேயே தலைமுடி போயிருந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"தாத்தா, இன்னா கதை இன்னிக்கி?"

"நீயும் நானும் சென்னைக்குப் பஸ்ஸுல போனோம். உனக்கு ஜன்னல் சீட்டு. அரை டிக்கெட்டு வாங்கனேன்."

"புளுகு. நான் இங்கதான இருந்தேன்."

மடியில் பத்திரமாக வைத்திருந்த டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். மெஷினில் அடித்த எழுத்து, வேர்வையிலும் வெயிலிலும் அழிந்துபோய், காகிதம் வெள்ளையாக இருந்தது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்ல! புளுகு தாத்தா, புளுகு தாத்தா!"

சாயங்காலம் பாகூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைக் காலியாக விட்டு, தள்ளி உட்கார்ந்தேன். ஒருத்தர் வந்து நின்றார்.

"ஆள் வருதா?"

"வரும். ரெண்டு மாசம் ஆவும்" என்றேன்.

என் காலைத் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டார்.