தலைகீழ் முக்கோணம்

மோட்டார் சைக்கிள் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வு புதன்கிழமை. ஐம்பது கேள்விகளில் நாற்பத்தைந்து சரியாக இருந்தால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு நல்ல வேலை ஒன்று காத்திருந்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலை, வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும்.

கேள்வி கேட்கும் வாத்தியார் பதவியை அவள் வீட்டுக்காரன் தானாகவே எடுத்துக்கொண்டான். ஆள் எலக்ட்ரீஷியன், இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறவன். அவன் உரிமம் வாங்கிய காலத்தில் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அந்தப் புத்தகத்தை இன்றுதான் கையால் தொடுகிறான். அந்தக் கூச்சம் கொஞ்சமாவது இருக்க வேண்டுமே!

சமையலறை மேசையில் உட்கார்ந்து இருபத்தாறு கேள்வி முடித்திருந்தார்கள்.

"இருபத்தேழு. சின்னத் தெருவுல இருந்து பைக்ல வர்ற. முக்குல தலைகீழ் முக்கோணப் பலகை இருக்கு. மெயின் ரோட்டுல ஒரு வேன் வருது. யாருக்கு வழி?"

"நமக்குத்தான். ஹாரன் அடிச்சிட்டுப் போகலாம். முதல்ல மூக்கை நீட்டுனவங்களுக்குத்தானே வழி? நீங்கதானே சொல்லுவீங்க."

"அப்படிப் போடு!" என்றவன், சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். முகம் மாறியது. "அச்சுப் பிழை. யானைக்கும் அடி சறுக்கும், புத்தகம் எம்மாத்திரம்!"

அவள் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். முக்கோணப் பலகை உள்ள தெருவிலிருந்து வருபவர் நின்று, வேனுக்கு வழிவிட வேண்டும் என்று இருந்தது. போனில் வேறு மூன்று மாதிரித் தேர்வுகளைத் தேடிப் பார்த்தாள். மூன்றிலும் அதே விடை.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே படம்தான். வண்டியை ஓட்டியது அவன், பின்னால் உட்கார்ந்திருந்தது அவள். மெயின் ரோட்டில் வந்தது, அந்தப் பக்கம் தினமும் ரொட்டி இறக்குகிற வேன். அதை ஓட்டியது அவளுடைய சொந்த அண்ணன். மோதியதில் உடைந்த அவள் தொடையில் இன்றைக்கும் இரும்புத் தகடு இருக்கிறது.

"தப்பு என் மேலதான்" என்று அண்ணன் அன்றே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். உறவுக் கூட்டமே அவனைக் கழுவி ஊற்றியது. போலீஸ் கேஸில் அவன் உரிமத்தை ஒரு வருடம் பிடுங்கி வைத்தார்கள். வேன் ஓட்டியவன் அதே ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தான். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

"அந்த முக்குல பலகை இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இருந்துச்சு. பாத்துப் போங்கன்னு போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். சத்தியமா."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அண்ணன் நம்பரை அழிக்காமல் வைத்திருந்தாள். போனை மேசையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" ஆறு வருடத்துக்குப் பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி அது.

"அண்ணா, அன்னைக்குத் தப்பு உன் மேல இல்ல."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"வண்டி ஓட்டிச் சோறு திங்கிறவன். எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் அப்படிச் சொன்ன?" அழுகையில் அவளுக்குக் குரல் உடைந்தது.

"நீ கட்டிலோட கெடந்த. கேஸ் மாப்பிள்ளை மேல போயிருந்தா, உன்னைத் தூக்கி உக்கார வைக்க ஆளேது? உன் கோவம் ஆறு மாசத்துல ஆறிடும்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா? அவருகிட்ட எதுவும் சொல்லிடாதம்மா. மனுஷன் தாங்கமாட்டாரு."

மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் அவள் வீட்டுக்காரன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.