பழைய ஷேடும் ஆடும் காலும்

பழம்பொருள் வியாபாரி தன் மச்சினி வீட்டுக்குப் போனதே, அவளிடமிருந்த விளக்கின் கண்ணாடி ஷேடை அடிமாட்டு விலைக்கு அமுக்கத்தான். விளிம்பில் விரலை ஓட்டினார். கையால் தேய்த்த சொரசொரப்பு இருந்தது. அச்சில் வார்த்த கோடு எங்கும் இல்லை. நூறு வருஷத்துச் சரக்கு, சந்தேகமே இல்லை.

"மெஷின்ல அடிச்சதும்மா. பழசுன்னு சொல்லி யாரோ உன் தலையில கட்டியிருக்காங்க" என்றார்.

வாய் சொன்னதைக் கால் கேட்கவில்லை. மேஜைக்கடியில் தையல் மெஷினை மிதிப்பதுபோல் ஆடியது. முழங்காலை அழுத்திப் பிடித்தும் அடங்கவில்லை.

மச்சினி ஷேடை அவர் கையிலிருந்து வாங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"அசல் சரக்கைக் கண்டாத்தான் உங்க கால் ஆடும்னு அக்கா சொல்லியிருக்கா, அத்தான். அவளை மொதமொதல்ல பார்த்தப்ப மட்டும் ஆடவே இல்லையாம்."

கால் அப்போதுதான் நின்றது.