கூடப் பிறந்தவர் யாருமில்லை

பொய் சொல்லத் தெரியாத மனுஷன் பொய் சொன்னால் பொருந்த வேண்டாமா? லிப்ட் மெக்கானிக்குக்குக் காது சிவந்துபோனது.

எதிரே உட்கார்ந்திருந்த மரபணு ஆலோசகர், ஆணுக்குக் கட்டம் பெண்ணுக்கு வட்டம் என்று குடும்பப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அப்பா மாரடைப்பில் போனார். அம்மா கர்ப்பப்பைப் புற்றில் போனாள். இப்போது நாற்பத்தாறு வயதில் மெக்கானிக்குக்குப் பெருங்குடலில் புற்று. ஈரல்வரை பரவிவிட்டது.

"கூடப் பிறந்தவங்க?"

"யாருமில்லம்மா. ஒண்டிக்கட்டை."

அக்கா ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள். அம்மாவின் வீட்டை விற்றபோது வந்த சண்டையில், "இனி நீ யாரோ, நான் யாரோ" என்று இருவரும் சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது. வீம்பில் அந்தக் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மூன்று வாரம் கழித்து, கட்டியிலும் ரத்தத்திலும் செய்த பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் முகத்தில் சிரிப்பு.

"உடம்புல செல்லு தன்னையே நகல் எடுக்கும்போது தப்பு வரும். அதைச் சரிபண்ற மரபணு உங்க கட்டியில வேலை செய்யல."

"சர்வீஸ் ஆளே வராத லிப்டுன்னு சொல்லுங்க."

"அதேதான்! தப்பு மேல தப்பா சேர்ந்துபோச்சு. அதுலயும் ஒரு நல்லது இருக்கு. இத்தனை தப்பு இருந்தா, உடம்போட எதிர்ப்புச் சக்தி அதைச் சுலபமா அடையாளம் கண்டுக்கும். அந்தச் சக்தியைத் தட்டி எழுப்புற மருந்து இருக்கு. வழக்கமான கீமோவைவிட இந்த மாதிரி கட்டிக்கு அது நல்லாக் கேக்குது."

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பியது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரிடம் சொல்வது? மறுநாள் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில், லிப்டுப் பெட்டியின் கூரைமேல் நின்று கம்பி வடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாடிக் கதவுக்கு அந்தப் பக்கமும் பேச்சுக் குரல்கள் கேட்டன. ஒரு குழந்தை சாப்பிட அடம் பிடித்தது. யாரோ யாரையோ திட்டினார்கள். தன்னைத் திட்டக்கூட ஆளில்லை என்று நினைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வாரமே ஆலோசகர் கூப்பிட்டு விளக்கினாள். "இந்தக் கோளாறு உங்களுக்குப் பிறவியிலயே இருக்கு சார். அநேகமா அம்மா வழி. கூடப் பிறந்தவங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. முன்னாடியே தெரிஞ்சா, அப்பப்போ குடலுக்குள்ள குழாய் விட்டுப் பார்த்து, சதை வளர்ந்திருந்தா புற்றா மாறுறதுக்குள்ள எடுத்துடலாம். நல்லவேளை, உங்களுக்கு யாருமில்ல."

நல்லவேளையாம்! மெக்கானிக் எழுந்து கதவுவரை போனார். திரும்பி வந்தார்.

"ஒரு அக்கா இருக்காம்மா. பொய் சொல்லிட்டேன்."

அவள் அந்தக் குடும்பப் படத்தை எடுத்தாள். கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டாள்.

வீட்டுக்கு வந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக மூன்று நாள் போனது. அக்காவுக்கும் உள்ளே ஏதாவது வளர்ந்துகொண்டிருந்தால்? நான்காம் நாள், மானமாவது மண்ணாங்கட்டியாவது என்று அக்காவுக்குப் போன் போட்டுவிட்டார்.

"அக்கா, நான்தான். வச்சுடாதே."

தனக்குக் குடலில் புற்று, அது பிறவிக் கோளாறு என்பதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். "நாளைக்கே போய் டெஸ்ட் எடுத்துடுக்கா."



"நான் எடுத்து மூணு வருஷம் ஆச்சுடா. கர்ப்பப்பையில கட்டின்னு ஆபரேஷன் பண்ணினாங்க. அப்பவே இதையும் கண்டுபிடிச்சாங்க. குடல்ல ரெண்டு சின்ன சதை இருந்துச்சு, எடுத்துட்டாங்க. இப்ப நல்லாத்தான் இருக்கேன்."

அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"எத்தனை தடவைடா போன் பண்ணினேன்? நீ எடுக்கல. கூடப் பிறந்தவங்களுக்குத் தெரிவிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில கொடுத்த சீட்டை வச்சு ரிஜிஸ்டர் தபால்கூட அனுப்பினேன். 'வாங்க மறுத்தார்'னு எழுதித் திரும்பி வந்துடுச்சு."

மெக்கானிக்குக்கு ஞாபகம் வந்தது. அனுப்புநர் பெயரைப் பார்த்ததுமே வக்கீல் நோட்டீஸ் என்று முடிவுகட்டி, உறையைத் தொடாமலேயே திருப்பி அனுப்பியிருந்தார். அன்று முழுக்க, ஜெயித்துவிட்ட தெம்பில் விசிலடித்துக்கொண்டே வேலை பார்த்தார்.

"நான் நேர்ல வந்திருக்கணும்டா. என் வீம்பு விடல" என்று அக்கா அழுதாள். "போகட்டும். உனக்கும் ஆரம்பத்துலயே பார்த்துட்டாங்கல்ல? சொல்லுடா."

"ஈரலுக்குப் போயிடுச்சுக்கா" என்றார்.