யானைத்தீக்கு ஓர் உதாரணம்

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. கேட்டது பாதி, நானாகச் சேர்த்துக்கொண்டது பாதி. இதில் வரும் உதாரண வாக்கியம் மட்டும் அச்சில் இருக்கிறது.

அகராதி அலுவலகத்தில் ஓர் அக்காவும் தம்பியும் வேலை பார்த்தார்கள். அக்கா சொற்களுக்குப் பொருள் எழுதுகிறவள். தம்பி அதே மாடியின் கடைசி அறையில் கணினியில் பக்கம் அமைக்கிறவன். அங்கே ஒரு வழக்கம்: உதாரண வாக்கியத்தில் ஆட்பெயர் வரக்கூடாது, அம்மா, அண்ணன், தம்பி என்று உறவுதான் வரவேண்டும்.

அன்று காலை ‘யானைத்தீ’ வந்தது. ‘எவ்வளவு உண்டாலும் அடங்காத பெரும்பசி, பழைய இலக்கியத்தில் ஒரு நோய்’ என்று அட்டையில் எழுதினாள். உதாரணத்துக்குக் கை தானாக ஓடியது: ‘யானைத்தீ பிடித்தவன்போல் தம்பி எல்லார் பங்கையும் தின்றுவிட்டான்.’ அட்டை அகராதி ஆசிரியர் மேசைக்குப் போய்விட்டது.

மத்தியானம்தான் சுருக்கென்றது. அது அம்மா சொன்ன வாக்கியம். அம்மா புத்தகப்புழு, திட்டுவதும் புத்தகத் தமிழில்தான். அப்பாவுக்கு வேலை போன வருஷம், மூடிவைத்த சோறு காணாமல்போன அன்று, தம்பியை அடித்துக்கொண்டே சொன்னாள். தின்றது அக்கா. முப்பது வருஷமாக வாய் திறக்கவில்லை. தெருவே அவனை ‘யானைத்தீ’ என்று கூப்பிட்டது. இன்றைக்கும் அவன் யார் எதிரிலும் சாப்பிடமாட்டான்.

தண்ணீர் குடிக்கப் போனாள், வந்தாள், மறுபடி போனாள்.

“என்னம்மா, கால்ல சக்கரமா?” என்றார் ஆசிரியர்.

“ஒரு அட்டையைத் திரும்ப வாங்கணும் சார். யா வரிசை.”

“அது உன் தம்பிகிட்டப் போயாச்சே. நாலு மணிக்கு அச்சுக்கு.”

ஓடினாள். தம்பி திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“அந்த உதாரணத்தை மாத்தணும்டா.”

“ஏன், நல்லாத்தானே இருக்கு? அம்மா குரலே கேக்குது.”

அவள் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அன்னைக்குத் தின்னது நான்டா.”

“தெரியும். உன் கவுன்ல பருக்கை ஒட்டியிருந்துச்சே.”

“அப்ப ஏன்டா சொல்லல?”

“அடி என்ன பெரிய அடி. நீ சொல்லுவே, இன்னைக்குச் சொல்லுவே, நாளைக்குச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா. அதுதான் ஆறல.”

விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினான். “நீயே மாத்து.”

‘பிடித்தவள்போல்’ என்று திருத்தினாள். ‘தம்பி’யை அழித்து ‘அக்கா’ என்று அடித்தாள். கடைசிச் சொல்லைத் ‘தின்றுவிட்டாள்’ என்று முடிக்கும்போது மணி மூன்றே முக்கால்.

அகராதி வெளிவந்தது. ஆசிரியர் ஓய்வுபெற்றார், திருத்தத்தை அவர் கவனிக்கவே இல்லை. அம்மா அகராதி வருவதற்கு முன்பே போய்ச்சேர்ந்துவிட்டாள். அக்கா இப்போது வேறொரு அலுவலகத்தில் பிழை திருத்துகிறாள். தம்பி அதே அறையில்தான் இருக்கிறான். இன்னும் தனியாகத்தான் சாப்பிடுகிறான்.