கிள்ளானுக்குப் போன சீல்

அருள்மலர் மலேசிய அரசியல்வாதிகளின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவாள். வீடு கனடாவில், ஸ்கார்பரோவின் டோர்செட் பார்க்கில், பன்னிரண்டாம் மாடியில். ஜன்னல் சாத்தியிருக்கும். கேட்பதற்கு இருப்பது புருஷன் கஜீவனும் மாமனார் இராசரத்தினமும் அடுப்பில் கொதிக்கிற பருப்பும்தான். ஆனாலும் அந்த நாட்டுப் பிரதமரின் பெயர் வரவேண்டிய இடத்தில் அவள் வாய் தானாக மூடிக்கொள்ளும். "அவரு" என்று கண்ணால் மேலே காட்டுவாள். மேல் மாடியில் குடியிருப்பது ஒரு பிலிப்பினோ தாதி. பாவம், அந்த அம்மாவுக்கும் மலேசிய அரசியலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"நீர் ஆருக்கப்பா பயப்பிடுறீர்?" என்று கஜீவன் கேலி செய்வான். அவளும் சிரிப்பாள். ஆனால் அடுத்த முறையும் குரல் இறங்கத்தான் செய்யும். எட்டு வருடப் பழக்கம் சும்மா விட்டுப் போகுமா?

கல்யாணத்துக்கு முன்னால் அவள் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் எட்டு வருடம் நிருபர். அங்கே சாயங்காலம் ஆனால் ஆசிரியர் தனபாலனின் மேசைத் தொலைபேசி அடிக்கும். மந்திரி அலுவலகத்து ஆளோடு அவர் எழுந்து நின்று பேசுவார். பேசி முடித்ததும் யாராவது ஒரு நிருபரைப் பார்த்து, "வேணாம்மா, உள்ள வச்சிரு," என்பார். வெறும் கோழை என்று அவரைச் சொல்லிவிட முடியாது. பத்திரிகைக்கு அரசாங்க உரிமம் வேண்டும், உரிமம் போனால் அச்சகத்தில் இருக்கிற அத்தனை குடும்பமும் தெருவில் நிற்கும்.

அருள்மலரின் பெரிய செய்திக்கும் அதே கதிதான். கிள்ளான் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கென்று ஒதுக்கிய நிலம், ஒரு பெரிய புள்ளியின் மைத்துனர் கைக்கு எப்படிப் போனது என்பதை அவள் மாதக்கணக்கில் அலைந்து கண்டுபிடித்து எழுதியிருந்தாள். பக்கம் கட்டியாகிவிட்டது. தொலைபேசி அடித்தது. மறுநாள் காலையில் அந்த இடத்தில் அதே பெரிய புள்ளி மலர்க் கண்காட்சியைத் திறந்துவைக்கும் படம் அரைப்பக்கத்துக்குப் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே அவள் வேலையை விட்டாள். சிநேகிதன் கல்யாணத்துக்குக் கனடாவிலிருந்து கோலாலம்பூர் வந்திருந்த கஜீவனை அந்த மாதம்தான் சந்தித்தாள். பூக்களால் விளைந்த ஒரே நன்மை என்று அவன் இன்றைக்கும் சொல்லிக்கொள்வான்.

கனடா வந்தும் அவள் கனடியக் குடியுரிமை எடுக்கவில்லை. எடுத்தால் மலேசியக் குடியுரிமை போய்விடும், அதோடு வாக்கும் போய்விடும். கஜீவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "ஒரு ஓட்டுத்தான லா எங்கிட்ட இருக்கு," என்பாள். அந்த மலேசிய 'லா' மட்டும் கனடா வந்தும் அவள் பேச்சை விட்டுப் போகவில்லை.

அந்த ஓட்டுக்கு 2018 மே மாதம் வேளை வந்தது. சுதந்திரம் அடைந்த நாளிலிருந்து ஒரே கூட்டணி ஆண்ட நாடு. தேர்தலுக்குச் சற்று முன்னால்தான் பொய்ச் செய்திக்குச் சிறை என்று ஒரு சட்டமும் கொண்டுவந்திருந்தார்கள். எது பொய் என்று சொல்வது யார் என்பதுதான் அவள் கேள்வி. இந்தத் தடவை மாறும் என்று ஊரிலிருந்து தங்கைகளும் சிநேகிதிகளும் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவளுக்கு நம்பவும் பயம், நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

தபால் வாக்குச்சீட்டு வந்து சேர்ந்தது சனிக்கிழமை. தேர்தல் புதன்கிழமை. திருப்பித் தபாலில் போட்டால் மந்திரிகள் பதவியேற்று மாலை வாடிய பிறகுதான் அவள் தொகுதியான கிள்ளான் போய்ச் சேரும். அந்த வருடம் உலகம் முழுக்க இருந்த மலேசியர்களுக்கு இதே பாடுதான். ஆனால் அவர்கள் புலம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எந்த ஊரிலிருந்து யார் விமானம் ஏறுகிறார்கள் என்று இணையத்தில் தேடிப் பிடித்து, முன்பின் தெரியாதவர்களின் கையில் ஓட்டைக் கொடுத்தனுப்பத் தொடங்கினார்கள்.

அருள்மலர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டாள். உள்ளுறையில் வைத்து ஒட்டினாள். கூடவே ஓர் உறுதிமொழிப் படிவமும் உண்டு. அதில் அவள் கையெழுத்துப் போட வேண்டும், அதை இன்னொரு மலேசியக் குடிமகன் பார்த்துச் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும். ஸ்கார்பரோவில் தடுக்கி விழுந்தால் யாழ்ப்பாணத்தார் மேல்தான் விழ வேண்டும். மலேசியருக்கு எங்கே போவது? படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, தொலைபேசியோடு பல்கனிக்குப் போனாள்.

நல்ல காலம், ஆள் அகப்பட்டான். ஜோசுவா, ஈப்போக்காரன், ரொறொன்ரோவில் வங்கி வேலை, ஞாயிறு காலை விமானம். கிள்ளானில் அத்தை வீட்டில்தான் இறங்குகிறானாம், உறையைத் தானே கொண்டுபோய்த் தேர்தல் அதிகாரியிடம் கொடுப்பதாகச் சொன்னான். உறையைச் சுமப்பவனே சாட்சியும் போடுவது சரியில்லை, பியர்சன் விமான நிலையத்தில் வழியனுப்ப வருகிற மலேசியர்களில் யாராவது சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள் என்றும் சொன்னான். அவள் துள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

இந்த இடத்தில் இராசரத்தினத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் இலங்கையில் சமாதான நீதவானாக இருந்தவர். ஊரில் யாருக்குப் பத்திரம், விண்ணப்பம், நற்சான்று எது வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள். அகதியாகக் கனடா வந்தபோது சட்டை இரண்டு, சீல் ஒன்று என்று வந்தவர். அந்தச் சீலுக்குக் கனடாவில் சல்லிக்காசு மதிப்பில்லை என்று மகன் ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. இருந்தும் மாடியில் யாராவது ஒரு படிவத்தோடு நடமாடினால் அவருடைய கை மைப்பெட்டியைத் தேடும்.

மேசையில் ஒரு படிவம். சாட்சிக் கட்டம் வெறுமையாக இருந்தது. மருமகள் அலைவது அவர் காதிலும் விழுந்தது. மனுஷர் கண்ணாடியைப் போட்டார், இழுப்பறையைத் திறந்தார்.

அருள்மலர் உள்ளே வந்தபோது மை இன்னும் காயவில்லை. சாட்சிக் கட்டம் நிறைய ஊதா நிறத்தில் வட்டமாக ஒரு சீல், அதன் மேல் வால் நீட்டிய கையெழுத்து. பக்கத்தில் இராசரத்தினம் உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு மையை ஊதிக்கொண்டிருந்தார்.

அவள் படிவத்தை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"யாரு ஒங்கள கேட்டா மாமா?" என்றாள். அந்த வீட்டில் அவள் மாமனாரிடம் குரல் உயர்த்தியது அதுவே முதல் தடவை. வேறு படிவம் வராது, இதுவும் கெட்டால் ஓட்டுக் கெட்டது, இத்தனை வருடமும் பாஸ்போர்ட்டைக் கட்டிக்கொண்டு அழுததற்கு அர்த்தமே இல்லை என்று கொட்டித் தீர்த்தாள். கஜீவன் இருவருக்கும் நடுவில் நின்று முழித்தான்.

இராசரத்தினம் மைப்பெட்டியை மூடினார்.

"பிழைதான் பிள்ளை," என்றார். "எங்கட பிள்ளையள் காணாமல் போன நேரம் எத்தினை தாய்மாருக்கு மனுவில சீல் குத்தி விட்டனான். ஒண்டுக்கும் பதில் வரேல்லை. ஒருக்காலெண்டாலும் இந்தச் சீல் வெல்லுற பக்கம் இருக்கட்டுமெண்டு நினைச்சிட்டன்."

அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கெட்டதோ கெடவில்லையோ, காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம் என்றாள். தானும் வருவேன் என்று இராசரத்தினம் அடம்பிடித்தார்.

ஞாயிறு காலை பியர்சனில் ஒரு தூணடியில் குட்டி மலேசியாவே கூடியிருந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஆளுக்கோர் உறையோடு நின்றார்கள். நடுவில் தொப்பையும் முதுகுப்பையுமாக ஜோசுவா. ஒருவரையொருவர் அன்றைக்கு முன் கண்டதில்லை. ஆனால் நெடுநாள் உறவினர்போல் ஆளை ஆள் வம்புக்கு இழுத்துக்கொண்டார்கள். மிசிசாகாவில் கணினி வேலை பார்க்கும் நூரைனி என்ற மலாய்ப் பெண் சாட்சியாகக் கையெழுத்திட முன்வந்தாள். படிவத்தை வாங்கிப் பார்த்தவள் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பவும் பார்த்தாள்.

சீல் விழுந்த படிவம் கைக்குக் கை சுற்றியது. கெட்டுப்போனது என்றார் ஒரு சீனப் பெரியவர். ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் எழுதினால் போதும் என்றாள் இன்னொருத்தி. எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று பெரியவர் கேட்க, எந்தச் சட்டத்தில் இல்லை என்று அவள் கேட்க, விமானத்துக்கு நேரமாகிறது என்று ஜோசுவா கத்த வேண்டியதாயிற்று. நூரைனி சீலின் மேல் மெல்லிய கோடு ஒன்று கிழித்தாள். அவள் பார்த்திருக்க அருள்மலர் தன் கையெழுத்தைப் போட்டாள். நூரைனி மிஞ்சியிருந்த ஓரத்தில் நெருக்கித் தன் கையெழுத்தையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதினாள்.

அப்போதுதான் இராசரத்தினம் முன்னால் வந்தார். அந்தச் சீல் தவறுதலாகக் குத்தப்பட்டது என்று தானே ஒரு சத்தியக் கடதாசி எழுதித் தரலாம், அது செல்லுபடியாவதற்கு அதிலும் ஒரு சீல் குத்தலாம் என்று கோட்டுப் பைக்குள் கையை விட்டார். அருள்மலர் அதை மலாயில் சொன்னதும் தூணடியே குலுங்கிச் சிரித்தது. கெட்டுப்போனது என்ற சீனப் பெரியவர்தான் அதிகம் சிரித்தார். அவள் கையை நீட்டி, "சீல எங்கிட்ட குடுங்க மாமா," என்று வாங்கித் தன் கைப்பையில் போட்டுப் பூட்டினாள். இராசரத்தினம் சளைக்கவில்லை. பயணம் போகிறவனை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் யாழ்ப்பாணத்தாரிடம் இல்லை. ஜோசுவாவின் கையில் ஒரு பை பருத்தித்துறை வடையைத் திணித்தார்.

செவ்வாய் காலை அருள்மலர் அஜின்கோர்ட்டில் தான் வேலை பார்க்கும் பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்தபோது ஜோசுவாவின் குரல் பதிவு வந்தது. கிள்ளானில் அதிகாரி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டாராம். இது எந்த அரசாங்கம் என்று கேட்டாராம். "ஓட்டுப் போட்டவங்களோட மாமனாரு சார், சிலோன்ல நீதவான், அவரால சும்மா இருக்க முடியலன்னு சொன்னேன் லா," என்றான் ஜோசுவா. "மனுசன் கண்ணாடிய கழட்டி வச்சிட்டுச் சிரிச்சாரு. எனக்கும் ஒரு மாமனாரு இருக்காருன்னாரு. நூரைனியோட நம்பர சரிபாத்தாரு. எடுத்துக்கிட்டாரு."

எதிரே கன்னம் வீங்கிக் காத்திருந்த மனிதர் பயந்துபோகும்படி அருள்மலர் வாய்விட்டுச் சிரித்தாள். உடனே வீட்டுக்குப் போன் போட்டாள், மாமனாரிடம் பேச.

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கணினி முன்னால் குந்திவிட்டாள். கஜீவனும் வேலைக்குப் போகவில்லை. வேலையிடத்தில் காரணம் கேட்டதற்கு, மனைவிக்குத் தேர்தல் என்று சொல்லிவிட்டானாம். மத்தியானச் சோறு ஆறிக் கிடந்தது. ஒவ்வொரு தொகுதியாக முடிவு வந்தது, பிறகு வராமல் நின்றது, மறுபடி வந்தது. இராசரத்தினம் அந்த நாட்டு வரைபடத்தை ஒரு கிழமைக்குள் மனப்பாடம் செய்திருந்தார். பெராக் என்ன நிலை, ஜொகூர் என்ன நிலை என்று நச்சரித்தார். பின்னேரம், அங்கே விடியப்போகிற நேரம், ஆட்சி மாறிவிட்டது என்பது உறுதியானது.

அருள்மலர் அழுதாள். அழுதுகொண்டே தங்கைகளை அழைத்தாள், அவர்களும் அழுதார்கள், யாரும் ஒரு வார்த்தை ஒழுங்காகப் பேசவில்லை. தன் வாழ்நாளில் நடக்காது என்று நினைத்தது நடந்துவிட்ட சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஆறிய சோற்றை எடுத்துச் சாப்பிட்டாள். அது கலியாணச் சாப்பாடுபோல் ருசித்தது.

மறுபடி தொலைபேசி அடித்தது. ஆசிரியர் தனபாலன். பல வருடங்களுக்குப் பிறகு கேட்கிற குரல். பின்னால் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம்.

"அந்தப் பள்ளிக்கூட நிலம்," என்றார். "இன்னும் வச்சிருக்கியாம்மா?"

வைத்திருந்தாள். மின்னஞ்சலில் அப்படியே கிடந்தது. சிறப்புப் பதிப்பு போடுவதாகவும், அதில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருப்பதாகவும் அவர் சொன்னார். நாளைக்கு நிலைமை எப்படி இருக்குமோ, உரிமம் என்ன ஆகுமோ, புதியவர்களும் போன் போடுவார்களோ, எதுவும் தெரியாது என்றும் சொன்னார்.

"ஆனா இப்பதான் மேசை ஃபோன் அடிச்சிச்சு. அதே ஆளு," என்றார் தனபாலன். "எடுக்கல."

பிறகு கேட்டார், "பேரு போட்டிருக்கியா? சொல்லு கேப்போம்."

அருள்மலர் எழுந்து நின்றாள். பெரிய புள்ளியின் பெயரை, பட்டங்களோடும் தகப்பன் பெயரோடும், முழுசாக, உரக்கச் சொன்னாள். மைத்துனரின் பெயரையும் சொன்னாள். பல்கனியில் நின்ற கஜீவன் திரும்பிப் பார்த்தான். மேல் மாடி அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

செய்தியை அனுப்புவதற்கு முன் ஒரு தடவை தாளில் படித்துப் பார்ப்பது அவள் பழைய வழக்கம். அச்சிட்டு மேசையில் வைத்துப் படித்தாள். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது இராசரத்தினம் எதிரே நின்றார். அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பின்னால் கட்டியிருந்தார், இந்த முறை எதையும் தொடவில்லை.

அவள் போய்க் கைப்பையைத் திறந்து சீலை எடுத்து வந்தாள். தாளின் அடியில், தன் பெயருக்குக் கீழே, வெறுமையாக இருந்த இடத்தைக் காட்டினாள்.

"குத்துங்க மாமா," என்றாள்.